டிப்பர் வராத பாதைகள்

வெருகல் பாலத்துக்கு வடக்கே
காபெற் ரோட்டை விட்டு இறங்கினால் கிறவல்.
அதுவரை எண்ணிக்கொண்டுதான் வருவேன்:
மணல் ஏற்றியது பதினொன்று, வெறுமையாய்த் திரும்பியது ஏழு.
இடது முழங்கையில்
ஒரு டிப்பரின் பக்கக் கண்ணாடி கீறிய கோடு
இன்னும் வெயிலில் வேறு நிறம்.

என் கொப்பியில் பாதைகளுக்குப் பெயர் இல்லை.
தூரம், நிழல், டிப்பர் எண்ணிக்கை.

பாதை ஒன்று.
வாய்க்கால் கட்டோடு ஒன்பது கிலோமீற்றர்.
தொடக்கத்தில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பலகை,
எழுத்தெல்லாம் உரிந்து
‘அனுமதியின்றி’ மட்டும் மிச்சம்.
எதை என்று சொல்லாத தடை.
அதன் காலில் சைக்கிளைச் சாய்த்து
நஸ்மியா டீச்சர் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குவா.
“இறுகின டயர் கல்லோட சண்டை பிடிக்கும்.
தொளதொளத்தது சமாதானமாப் போகும்.”
தோப்பூரில் கணிதம் படிப்பிக்கிறவ.
காற்றை மட்டும்
கட்டை விரலால் அளக்கிறா.

நிழல்: மூன்று மருதமரம்.
டிப்பர்: இல்லை.

பாதை இரண்டு
அறுவடைக்குப் பிறகு மட்டும்.
மழைக்கு மறுநாள் போனால்
களி சில்லைக் கட்டிப்பிடித்து
சைக்கிளை நீங்கள் தூக்கிவர நேரும்.
யானை வேலி ஓரம் இலத்தி கிடந்தால் இறங்கிப் பாருங்கள்.
காய்ந்திருந்தால் போகலாம்.
ஆவி பறந்தால்
போன வழியே, மணி அடிக்காமல்.

பாதை மூன்று ஆற்றங்கரை.
ஆவணியில் தண்ணீர் ஒதுங்கி
மணல் முதுகு காட்டும்.
அந்தக் கரை மட்டக்களப்பு மாவட்டம்.
இந்தக் கரையில் நனைந்த எருமை
அந்தக் கரையில் ஏறி உதறுகிறது.
ஆட்காட்டி ஒன்று
இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கத்துகிறது.
என் போனில் சிக்னல் ஒரு கோடு,
பிறகு அதுவும் இல்லை.
றெஜினோல்ட் அப்போதுதான் வாய் திறப்பான்.
வங்கியில் வாரம் முழுக்கப் பேசுகிறவனுக்கு
ஞாயிற்றுக்கிழமை சொல்ல
ஒரு வசனம்தான் மிஞ்சும்:
“காத்து எதிர்க்காத்து.”

போன ஞாயிறு பாதை ஒன்றில்
ஆறாம் கிலோமீற்றரில்
சிவப்பாய் ஒரு குவியல், ஈரம் காயாமல்.
அதற்குப் பின்னால் பீப் பீப் என்று
பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது
டிப்பர்.

முழங்கை தானாக மடங்கியது.
இறங்கிப் புல்லில் நின்றோம்.
எங்களைக் கண்டதும் சாரதி எஞ்சினை நிற்பாட்டினான்.
தூசி அடங்கட்டும் என்று
கதவைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

“உங்கட ரோட்டா இது?” என்றான்.
நான் பதில் தேடுமுன்
“என்ட ரோட்டு” என்று சிரித்தான்.
“முந்தநாத்து வருசம்
இந்தக் கட்டு முழுக்க நான் கொட்டினது.
நூற்றி நாற்பது லோட்.”

கிறவல் எப்படி வந்தது என்று
ஒருநாளும் நாங்கள் கேட்டதில்லை.
ஆற்றுக்குத் தண்ணீர் போல
அது அங்கேயே கிடந்தது என்றுதான் நினைத்தோம்.

பெயர் புவிராஜ். ஈச்சிலம்பற்று.
றெஜினோல்டின் சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்த்தான்.
விலையைக் கேட்டான். சொன்னோம்.
மெதுவாகக் கீழே வைத்தான்,
முட்டைக் கூடை வைப்பதுபோல.
“ஒரு சுத்துச் சுத்தவா?”

றப்பர் செருப்போடு ஏறினான்.
கியரை மாற்றத் தெரியாமல்
கால் வேகமாகச் சுழல, உடல் மெதுவாக நகர
மருதமரம் தாண்டி,
வளைவு தாண்டி,
சாரத்தின் நீலம் மட்டும் கொஞ்ச நேரம்,
பிறகு அதுவும் இல்லை.

டிப்பரின் கதவு திறந்தபடி கிடந்தது.
ரேடியோவில் யாரோ
நெல் விலை வாசித்துக்கொண்டிருந்தார்.
கால் மணி நேரம் போயிற்று.
றெஜினோல்ட் வளைவையே பார்த்தபடி நின்றான்.
“கணக்குப்படி” என்றா நஸ்மியா டீச்சர்,
“ரோட்டுல இப்ப ஒரு டிப்பரும் ஓடல்ல.”

கொப்பியை எடுத்தேன்.
பாதை ஒன்று. ‘இல்லை’யை வெட்டி எழுதினேன்:
டிப்பர், ஒன்று.
ஆள் சைக்கிளில் போயிருக்கிறார்.